கோடை மழை விட்டதும் வீட்டுக்குள் கொட்டும் கறுப்பு வண்டு: உங்கள் ஊரில் என்ன வருகிறது?

ரப்பர்விளை (குலசேகரம்)

குமரி மாவட்டத்தில் மலையடிவார ஊர் எங்களுடையது. சுற்றிலும் ரப்பர் விளை. நேற்று சாயங்காலம் பேச்சிப்பாறைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்து, இடியும் மின்னலுமாக நல்ல மழை. மழை விட்டுக் கரண்டும் வந்து லைட்டைப் போட்டோம். அவ்வளவுதான், ஜன்னல், கதவிடுக்கு, ஓட்டு இடைவெளி என்று ஒரு வழி விடாமல் வண்டு உள்ளே வந்தது. கறுப்பு, பளபளப்பு, அரை அங்குலம்கூட இருக்காது. சோற்றுப் பானையை மூடி வைப்பதற்குள் அதற்குள்ளும் விழுந்துவிட்டது. விளக்குமாறால் கூட்டினால் முறம் முறமாக வருகிறது. நசுக்கினால் ஒரு காட்டமான நாற்றம், விரலில் பழுப்புக் கறை. தூக்கத்தில் உடம்புக்கடியில் மாட்டினால் காலையில் அந்த இடம் வெந்து போயிருக்கும்.

இது எங்களுக்குப் புதிது இல்லை. கோடை மழை தொடங்கினால் வரும், ஓட்டுக்கு அடியிலும் மச்சிலும் அடைந்துகொள்ளும், வருஷக் கடைசி வரை அசையாமல் கிடக்கும். இந்த வருஷம் மட்டும் வித்தியாசம். மார்ச்சிலேயே ஒரு மழை பெய்து ஒரு கூட்டம் வந்தது. பிறகு சுட்டெரிக்கும் வெயில், வண்டையே காணோம். மறுபடி மழை, மறுபடி கூட்டம். தவணை முறையில் வருகிற மாதிரி இருக்கிறது.

கேள்வி இரண்டு. ஏற்கெனவே மச்சில் அடைந்துவிட்டதை என்ன செய்வது? அப்புறம், உங்கள் ஊரிலும் பூச்சிகள் வருகிற காலம் இப்படிக் குழம்பியிருக்கிறதா?

மேற்குமலை

நீங்கள் சொல்வது முப்ளி வண்டு. அறிவியல் பெயர் லுப்ராப்ஸ் டிரிஸ்டிஸ். கேரளத்தில் திருச்சூர் பக்கம் முப்ளியம் என்று ஓர் ஊர், அந்தப் பெயரிலிருந்து வந்தது. நான் விலங்கியல் படித்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதன் வாழ்க்கை முழுக்க ரப்பர் மரத்தின் இலையோடு கட்டப்பட்டது. டிசம்பர், ஜனவரியில் ரப்பர் இலை உதிர்க்கும். அதன்பிறகு தளிர் விடும், அந்தத் தளிரிலும் ஒரு பகுதி முற்றாமலே கீழே விழும். அந்த இளம் சருகுதான் வண்டுக்கும் அதன் புழுவுக்கும் விருப்பமான தீனி. சருகு மெத்தைக்குள்ளேயே முட்டை, புழு, கூட்டுப்புழு எல்லாம் முடிந்து ஏப்ரல் வாக்கில் புதுத் தலைமுறை தயாராகிவிடும். கோடை மழை சருகை நனைத்ததும் மொத்தமாகக் கிளம்பி, காய்ந்த, இருட்டான இடம் தேடும். பக்கத்தில் அப்படி இருப்பது உங்கள் வீட்டு மச்சு. அங்கே சுமார் ஒன்பது மாதம் உறக்கநிலை. கோழிக்கோடு தேவகிரிக் கல்லூரியில் சாபு தாமஸ் குழுவினர் இதைப் பற்றி நிறைய ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் லட்சக்கணக்கில் அடைவது சாதாரணம்.

அந்த நாற்றமும் கறையும் அதன் தற்காப்புச் சுரப்பு. கடிக்கிற பூச்சி இல்லை.

இப்போது தவணை விஷயம். அது தேதி பார்த்து வருவதில்லை, மழை பார்த்து வருகிறது. மழை உடைந்து உடைந்து பெய்தால் அதுவும் உடைந்து உடைந்துதான் வரும். மார்ச் மழைக்குள் வளர்ந்து முடித்தவை மார்ச்சில் வந்துவிட்டன, மிச்சம் அடுத்த மழைக்குக் காத்திருந்தன. இது என் ஊகம், ஆனால் நீங்கள் சொல்கிற வரிசையோடு பொருந்துகிறது.

மடிப்பாக்கம்_மாடி

சென்னையில் ரப்பர் இல்லை, ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. படம் போடத் தெரியவில்லை, சொல்கிறேன். எறும்பு போல நீளமாக, ஒரு சென்டிமீட்டருக்குள். தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, நடுவில் நீலப் பச்சையாகப் பளபளப்பு, பிறகு மறுபடி ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. போன மழைக்காலத்தில் டியூப் லைட்டைச் சுற்றி நிறைய. ஒரு நாள் கழுத்தில் ஊர்ந்ததைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் சாட்டையால் அடித்த மாதிரி நீளமாகச் சிவந்து, கொப்புளம் போட்டுவிட்டது. பார்த்த டாக்டர் அக்கி என்று மாத்திரை எழுதினார். மாமியார் அதற்கு மேலே போய், குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுத ஆளே ஏற்பாடு செய்துவிட்டார்! இந்த மழைக்கும் இரண்டு பார்த்தேன். அதனால்தான் கேட்கிறேன்.

வார்டு_நம்பர்_நாலு

தங்கச்சி, அது ஆசிட் பூச்சி. ஆஸ்பத்திரியில் தோல் பிரிவில் வேலை பார்த்ததால் மழைக்காலம் முழுக்க இதைப் பார்த்திருக்கிறேன். கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நசுங்கும்போது அதன் உடம்பு நீரில் இருக்கிற பெடரின் என்ற நஞ்சு தோலில் படுகிறது. உடனே எரியாது, பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து இரண்டு நாளுக்குள் மெல்ல எழும்பும். நீங்கள் எந்தத் திசையில் தேய்த்தீர்களோ அந்தத் திசையில் கோடு விழும். முழங்கை மடிப்பு மாதிரி இடம் என்றால் தோல் ஒட்டுகிற இரண்டு பக்கமும் ஒரே அச்சு விழும். அதைப் பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிடும்.

அக்கி நரம்பு போகும் பாதையில், உடம்பின் ஒரே பக்கம் வரும், கொப்புளம் கொத்துக் கொத்தாக இருக்கும். பெரும்பாலும் முதலிலேயே வலி தொடங்கிவிடும். பார்வைக்குக் குழப்பம் வருவது சகஜம்தான்.

உடம்பில் ஊர்ந்தால் ஊதிவிடுங்கள், இல்லை ஒரு காகிதத்தில் ஏறவிட்டு வெளியே விடுங்கள். நசுக்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது, வீங்கி மூடிக்கொள்ளும். கொப்புளம் ஓரிரு வாரத்தில் ஆறிவிடும், கறுப்புத் தழும்பு போக இன்னும் நாளாகும். கண் பக்கம் வந்தாலோ சீழ் வைத்தாலோ டாக்டரிடம் போகத்தான் வேண்டும். குழந்தைகள் தூங்குமுன் படுக்கையை உதறிப் போடுங்கள்.

2022 ஜூலையில் சிக்கிமில் ஒரு பொறியியல் கல்லூரியில் சுமார் நூறு மாணவர்களுக்கு இதே பூச்சியால் வந்தது, பேப்பரிலும் வந்த செய்தி.

டெல்டாக்காரன்

ஆசிட் பூச்சி என்றதும் எல்லோரும் மருந்தடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். எங்கள் வயலில் அது கூலி கேட்காத வேலையாள். நெற்பயிர்த் தூரில் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி இருக்கும் இடத்தில் அது சுற்றிக்கொண்டே இருக்கும், பிடித்துத் தின்னும். கண்டபடி மருந்தடித்த வயலில் முதலில் சாவது இந்த மாதிரிப் பூச்சிதான், புகையான் அதற்குப் பிறகு கொண்டாட்டமாகப் பெருகும்.

சம்பா அறுவடை நேரத்தில் வயலில் இடம் இல்லாமல் போகும்போது எங்கள் வீட்டு லைட்டுக்கும் வரும். வந்தால் லைட்டை அணைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவோம். மெஷின் அறுப்பு வந்தபிறகு ஒரே ராத்திரியில் ஊர் முழுக்க வயல் காலியாகிறது, அதனால் வரவும் ஒரே நேரத்தில் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

கரிசக்காடு

எங்கள் பக்கம் மழை என்றால் ஈசல்தான். வெயிலில் வெடித்துக் கிடக்கிற கரிசல் நனைந்து, காற்று அடங்கிப் புழுக்கமாக இருக்கிற நேரத்தில் புற்றிலிருந்து புகை மாதிரி கிளம்பும். சின்ன வயதில் புற்று வாயில் விளக்கு வைத்துப் பக்கத்தில் குழி தோண்டிப் பிடிப்போம். இறக்கையைப் புடைத்து எடுத்துவிட்டு, வறுத்துப் பொரியோடு கலந்து தின்போம். முகம் சுளிக்காதீர்கள், முந்திரிக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லாத ருசி.

கூடவே ஒன்று வருமே, சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டி எடுத்த மாதிரி, தொட்டால் காலை மடக்கிக்கொள்ளும். நாங்கள் பட்டுப்பூச்சி என்போம். தீப்பெட்டியில் புல் போட்டு வளர்ப்போம், மறுநாள் செத்துக் கிடக்கும். முன்பெல்லாம் முதல் மழைக்குத் தரையெல்லாம் தெரியும். இப்போது என் பேரனுக்குக் காட்ட ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மேற்குமலை

கரிசக்காடு ஐயா, அது பூச்சி இல்லை, சிலந்தியின் சொந்தக்காரன். எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால். மண்ணுக்குள்ளேயே வருஷத்தில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, மழைக்குச் சில நாள் மட்டும் மேலே வரும். வருவது இணை சேரவும் ஈசல், கறையான் தின்னவும்தான். புல் போட்டால் சாகாமல் என்ன செய்யும்! எண்ணெய் மருந்துக்கு என்று அள்ளிக்கொண்டு போகிற வியாபாரமும் வட இந்தியாவில் உண்டு.

ஈசல் பற்றி வீட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: வெளியிலிருந்து லைட்டுக்கு வருகிற ஈசலால் கவலை இல்லை. நிலைக்கதவிலிருந்தோ சுவர் விரிசலிலிருந்தோ கிளம்பினால் கறையான் குடித்தனம் வீட்டிலேயே இருக்கிறது என்று அர்த்தம், உடனே பார்க்க வேண்டும்.

சந்தேகசாமி

இழையின் போக்கைப் பார்த்தால் அடுத்து யாராவது "பூச்சிக்கு மழை முன்கூட்டியே தெரியும், வானிலை ஆய்வு மையத்தை மூடிவிடலாம்" என்று சொல்லப்போகிறீர்கள். அதற்கு முன்னால் என் பங்கு.

பூச்சிக்கு உடம்புச் சூடு சொந்தமாக இல்லை. சுற்றியிருக்கும் வெப்பமும் ஈரமும்தான் அதை ஓட்டுகின்றன. அதனால் இப்போது என்ன நிலவுகிறது என்பதை நம்மைவிட நன்றாகக் காட்டும். 1897-ல் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் சுவர்க்கோழி கத்தும் வேகத்தை எண்ணி வெப்பநிலை சொல்லலாம் என்று சூத்திரமே போட்டார். அது வேலை செய்கிறது. ஆனால் தெர்மாமீட்டர் வேறு, ஜோசியம் வேறு. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறுகிறது என்றால் அதன் புற்றில் இப்போது ஈரமோ சூடோ கூடியிருக்கிறது. மண்ணில் ஈரம் கூடும் பருவத்தில் மழையும் வரும், அதனால் சொன்னது பலித்த மாதிரி இருக்கும். பலிக்காத நாளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

செந்தூர்_ஆறு

சந்தேகசாமி சொல்வதை நான் ஒத்துக்கொள்வேன். 2023 டிசம்பர் 17, 18-ல் நாங்கள் பட்ட பாடு தெரியும் அல்லவா. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் ஊர் வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்க்கிற மழையைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் தண்ணீர் சூழ நின்றுவிட்டது. அதற்கு முந்தின நாள் எறும்பும் எப்போதும் போலத்தான் போனது, தட்டானும் எப்போதும் போலத்தான் பறந்தது. மழைக்குப் பிறகுதான் ஆச்சரியம். கிணற்றடியில் பிள்ளைப்பூச்சி, தெரு விளக்கடியில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நீர்ப்பூச்சி, பின்னால் வாரக்கணக்கில் கொசு.

கோண்டாவில்

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கமும் வாடைக்காற்று மழைதான், ஐப்பசி, கார்த்திகை. அதுக்கு முன்னம் மஞ்சள் தும்பி கூட்டம் கூட்டமாக வயல்வெளிக்கு மேலே நிற்கும். தும்பி தாழப் பறந்தால் மழை என்று அம்மம்மா சொல்லுவா. ஆனால் என்ர கேள்வி வேறை. மழை பெய்து குளம் குட்டை நிரம்ப முன்னமே இவ்வளவு தும்பி எங்கையிருந்து வருகுது? தும்பிக் குஞ்சு தண்ணீருக்குள்ளேதானே வளரும்?

மேற்குமலை

அருமையான கேள்வி. பதில்: உங்கள் ஊரில் பிறந்தவை இல்லை, பெரும்பாலும் வடக்கே இந்தியாவில் பிறந்தவை.

தேசாந்தரித் தும்பி என்று வைத்துக்கொள்ளுங்கள், அறிவியல் பெயர் பாண்டலா ஃப்ளேவசென்ஸ். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளருக்கும் உங்களுக்கு வந்த அதே கேள்விதான் வந்தது. அங்கே ஆறும் குளமும் அநேகமாகக் கிடையாது, ஆனால் ஒவ்வோர் அக்டோபரிலும் லட்சக்கணக்கில் தும்பி வந்து இறங்கும். வருகிற தேதிகளை வருஷக்கணக்கில் குறித்து வைத்தார். தென்னிந்தியாவில் முதலில், பிறகு மாலத்தீவில், பிறகு சீஷெல்ஸில், கடைசியாகக் கிழக்கு ஆப்பிரிக்காவில். 2009-ல் இதை வெளியிட்டார். மழைப் பட்டை தெற்கே நகர, அதன் பின்னால் மேலடுக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு தும்பிகள் கடல் கடக்கின்றன, அடுத்த தலைமுறைகள் தென்மேற்குப் பருவக்காற்றில் திரும்பி வருகின்றன என்பது அவர் முன்வைத்த கருத்து. போய்வரும் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர். ஒரே தும்பி முழுச் சுற்றும் போவதில்லை, சுமார் நான்கு தலைமுறை. மழைக்குட்டையில் முட்டையிட்டு ஒன்றரை மாதம் போல வளர்ந்துவிடும் என்பதால் இது முடிகிறது.

தாழப் பறப்பதற்குக் காரணம் தீனி. ஈரக்காற்றில் சின்னப் பூச்சிகள் தரையோடு பறக்கும்போது தும்பியும் இறங்கி வரும்.

சந்தேகசாமிக்கு: இங்கே ஒரு சின்ன விதிவிலக்கு தரலாம் அல்லவா? தும்பிக்கு நாளைய மழை தெரியாது, சரி. ஆனால் அது ஏறி வருகிற காற்று பருவம் மாறியதால் வருவது. அந்தக் காற்றின் அறிகுறி என்று தும்பியைப் பார்த்தால் அம்மம்மா சொன்னதில் பாதி நிற்கும்.

சந்தேகசாமி

பாதி தருகிறேன். பருவத்துக்கு ஒத்துக்கொள்கிறேன், நாளைக்குக் குடை எடுக்கலாமா என்பதற்கு இல்லை.

பழைய ஆட்களின் கவனிப்பை நான் ஒன்றும் கேலி செய்யவில்லை. புறநானூற்றில் 173-ம் பாட்டில், சிறுகுடிப் பண்ணன் வீட்டில் சோறு வாங்கிப் போகும் பிள்ளைகள் வரிசையை, மழைக்கு முட்டை தூக்கி மேட்டுநிலம் சேரும் எறும்பு வரிசை மாதிரி என்று சொல்லியிருக்கிறது. அன்றைக்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். நிலா வட்டத்தைப் பாருங்கள். "அகல் வட்டம் பகல் மழை" என்பார்கள். அகலமாகத் தெரிவது ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் மெல்லிய மேகத்தின் பனிப்படிகத்தில் ஒளி உடைந்து வருவது, எப்போதும் நிலாவிலிருந்து 22 டிகிரியில்தான் இருக்கும். நிலாவை ஒட்டிய சின்ன வட்டம் நீர்த்துளி மேகத்தால் வருவது. இரண்டும் வேறு மேகம். அகல வட்டம் போடும் மேகம் சில சமயம் பெரிய மழை மண்டலத்தின் முன்படையாக வரும். வெறும் கண்ணால் இந்த இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறார்களே, அதற்குக் கும்பிடலாம்.

பாத்ரூம்_சுவர்

நடுவில் குறுக்கிடுகிறேன். சுவரில் சிமெண்ட் துணுக்கு மாதிரி, வெள்ளரி விதை அளவில் தட்டையாக ஒன்று தொங்குகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நகர்கிறது! இரண்டு முனையிலிருந்தும் தலை நீட்டுகிறது. மழை தொடங்கியதிலிருந்து நிறைய. விஷமா?

வார்டு_நம்பர்_நாலு

விஷம் இல்லை. அந்துப்பூச்சிப் புழு, தூசியையும் மணலையும் பட்டு நூலால் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு அதோடே நடக்கும். உதிர்ந்த முடி, சிலந்தி வலை, கம்பளி நூல் எல்லாம் தீனி. ஒட்டடை அடித்து, ஈரம் தங்காமல் காற்றோட்டம் விட்டால் குறைந்துவிடும்.

தோட்டத்துரை

ரப்பர்விளை அண்ணாச்சி, இத்தனை கதை எதற்கு? தோட்டத்துக்கு அடிக்கிற [நீக்கப்பட்டது] மருந்தை மண்ணெண்ணெயில் கலந்து மச்சில் அடியுங்கள். ஒரே நாளில் தீர்ந்தது.

மட்டுறுத்துநர்

மருந்தின் பெயரை எடுத்துவிட்டேன். பயிருக்கு அடிக்கும் விஷத்தை ஆள் குடியிருக்கும் வீட்டுக்குள், அதுவும் அடுப்பங்கரைக்கு மேலே அடிக்கச் சொல்வதை இங்கே அனுமதிக்க முடியாது. மண்ணெண்ணெயும் மரக் கூரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ரப்பர்விளை

நன்றி மட்டுறுத்துநரே. தோட்டத்துரை சொன்ன வேலையை எங்கள் தெருவிலேயே ஒருவர் செய்து பார்த்தார். செத்த வண்டு ஓட்டிடுக்கிலிருந்து வாரக்கணக்கில் உதிர்ந்தது, வீட்டில் எல்லோருக்கும் இருமல். மச்சில் இருப்பதோ குறைந்த மாதிரியே தெரியவில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். மழை இருட்டும்போதே வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முற்றத்து மூலையில் ஒரே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டு, அடியில் அகலமான பாத்திரத்தில் சோப்புத் தண்ணீர் வைக்கிறேன். டெல்டாக்காரர் ஊரில் விளக்குப்பொறி என்பார்களே, அதேதான். வருகிற கூட்டத்தில் நல்ல பங்கு அதில் விழுகிறது. வீட்டை ஒட்டிய சருகை மார்ச்சுக்கு முன்னாலேயே கூட்டித் தள்ளி வைத்தேன். அடுக்களைக்கும் கட்டிலுக்கும் மேலே தார்ப்பாய் கட்டியாயிற்று. ஓட்டை மாற்றிக் கான்கிரீட் போடலாம் என்று மகன் சொல்கிறான், ரப்பர் விலை இருக்கிற இருப்பில் அது நடக்காது.

மச்சில் அடைந்ததை எடுக்க வழி மேற்குமலைதான் சொல்ல வேண்டும்.

மேற்குமலை

கூட்டம் அசையாமல் கிடப்பதுதான் உங்களுக்குச் சாதகம். பகலில், வாயையும் கண்ணையும் மூடிக் கட்டி, கையுறை போட்டு, மெல்லிய துடைப்பத்தால் சாக்கில் சரித்து இறக்குங்கள். நசுக்காமல் எடுப்பதுதான் முக்கியம். பிறகு சோப்புத் தண்ணீரில் கொட்டலாம். மொத்தமாக ஒழிக்க முடியாது, பக்கத்து விளை இருக்கிறவரை அடுத்த வருஷமும் வரும்.

ஒரு வேண்டுகோள். காலம் குழம்பியிருக்கிறதா என்று கேட்டீர்கள். இந்த இழையில் இருப்பது எல்லாம் ஞாபகம், அதை வைத்து ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆண்டர்சன் செய்தது போல ஊர், பூச்சி, முதலில் பார்த்த தேதி, அன்றைய மழை, இந்த நான்கை மட்டும் எல்லோரும் இங்கே போட்டுக்கொண்டே வாருங்கள். கோவைப் பக்கம் யாராவது இருந்தால், கருநீல வரியன் பட்டாம்பூச்சிகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே திரும்பும் காலம் இது, அதையும் சேருங்கள்.

மடிப்பாக்கம்_மாடி

நான் ரெடி. மழையை அளக்க வாளி போதுமா?

சந்தேகசாமி

வாளி வேண்டாம், வாய் அகலமாக, அடி குறுகலாக இருக்கும், கணக்குத் தப்பும். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமுள்ள நேரான டப்பாவைத் திறந்த மாடியில் சுவரிலிருந்து தள்ளி, காற்றில் சாயாமல் செங்கல் முட்டுக் கொடுத்து வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு ஸ்கேல் விட்டுப் பாருங்கள், வானிலை மையக் கணக்கும் அந்த நேரத்துக்குத்தான். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். அளந்ததும் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த பூச்சிக் கேள்வி கொசுவைப் பற்றி வரும்.

கரிசக்காடு

ஊர்: சாத்தூர் பக்கம். பூச்சி: ஈசல். தேதி: இன்று ராத்திரி. மழை: டப்பா நாளைக்குத்தான் வாங்கணும், ஆனால் வண்டித்தடத்தில் தண்ணீர் நிற்கிறது.